தவறான விடையிலிருந்து தொடங்குங்கள்: மாணவர் தாமே பயிலும் இயங்கலைச் செயல்பாடுகள்

மலேசியாவின் சைபர்ஜெயா நகரம் டெங்கில் முக்கிமுக்குள் அமைந்திருக்கிறது. அந்த நகரை உருவாக்கிய பல்லூடகப் பெருவழித் திட்டத்தின் ஒரு பகுதிதான் விவேகப் பள்ளித் திட்டம். 1999இல் நாடெங்கும் 87 பள்ளிகளில் அது வெள்ளோட்டம் விடப்பட்டது. மாணவர் பாடத்தைத் தாமே தேடி எடுப்பார், தம் வேகத்தில் படிப்பார், தம் கற்றலைத் தாமே நடத்துவார் என்பது அதன் கொள்கை. அதற்காக 1,494 மென்பாடங்கள் தயாரிக்கப்பட்டன. மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்கு மட்டும். தமிழுக்கு ஒன்றும் இல்லை. அதே டெங்கிலில்தான் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகள் இருக்கின்றன. புத்ராஜெயா எழுவதற்காகப் பெராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களிலிருந்து வெளியேற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்கள் குடியேறிய இடம் அது. அங்கிருந்து சைபர்ஜெயா சில நிமிடப் பயணம்தான். தொழில்நுட்பம் எவ்வளவு அருகில் இருந்தாலும், அது பிள்ளையின் கைக்கு எந்த மொழியில், எந்த வடிவில் வந்து சேர்கிறது என்பதை யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளைப் பொறுத்தவரை அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான். அவருக்காகவே இந்த அத்தியாயம்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இந்தச் சுமை ஒரே நாளில் ஆசிரியர் தலையில் இறங்கியது. கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், ஏறத்தாழ 9 லட்சம் மாணவரில் 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரிய வந்தது. மடிக்கணினி வைத்திருந்தோர் 9 விழுக்காடு, திறன்பேசி வைத்திருந்தோர் 46 விழுக்காடு. அதே ஆண்டு ஜூனில் அமைச்சின் டெலிமா இயங்கலைக் கற்றல் தளம் வந்தது. மாணவருக்குக் கணக்குகள் கிடைத்தன. பின்னர் மடிக்கணினிகளும் ஓரளவு வந்தன. கருவிக்கான ஓட்டத்தில் பின்தங்கிப்போன கேள்வி ஒன்று உண்டு. பிள்ளை கருவியைத் திறந்ததும் அங்கே என்ன செய்யப் போகிறது? புலனக் குழுவில் வரும் பயிற்றியின் பிடிஎப், ஒரு யூடியூப் இணைப்பு, பத்து வினாக்கள் கொண்ட ஒரு விளையாட்டு. இவை அனைத்தும் பாடத்தைக் கொண்டு சேர்க்கின்றன. ஆசிரியர் வகுப்பில் செய்யும் மிக முக்கியமான வேலையை இவற்றில் எதுவும் செய்வதில்லை. மாணவர் தவறாகச் சொல்லும் கணத்தில் ஆசிரியர் அந்தத் தவறைக் கேட்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஊகித்து, அதற்கேற்ற அடுத்த கேள்வியைப் போடுகிறாரே, அந்த வேலையைச் சொல்கிறேன். தனியே பயிலும் செயல்பாடு என்பது அந்த வேலையை முன்கூட்டியே செய்து வைப்பது. எனவே வடிவமைப்பு பாடப் பொருளிலிருந்தோ, கவர்ச்சியான செயலியிலிருந்தோ தொடங்கக் கூடாது. மாணவர் எழுதும் தவறான விடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.4, 0.35 இவற்றில் எது பெரியது என்று நான்காம் ஆண்டு மாணவரிடம் கேட்டால் பலர் 0.35 என்பார்கள். 35 என்பது 4ஐவிடப் பெரிய எண். முழு எண்களில் மூன்று ஆண்டுகளாகப் பழகிய அறிவு அங்கே வேலை செய்கிறது. இது கவனக்குறைவு அல்ல, ஒரு விதி. தவறான இடத்தில் போடப்பட்ட நல்ல விதி. இப்போது 0.3, 0.65 இவற்றைக் கொடுங்கள். அதே மாணவர் 0.65 என்று சரியாகச் சொல்லிவிடுவார், அதே தவறான விதியைக் கொண்டே. இன்னொரு வகை மாணவர் உண்டு. நூறில் ஒன்று பத்தில் ஒன்றைவிடச் சிறியது என்று கற்றிருப்பார். ஆகவே நூறாவது இடம் வரை போகும் எண் எப்போதும் சிறியது என்று முடிவு கட்டியிருப்பார். அவர் முதல் வினாவுக்கு 0.4 என்று சரியாகச் சொல்வார், இரண்டாவதற்கு 0.3 என்று தவறாகச் சொல்வார். மெல்பர்ன் பல்கலைக்கழகத்தின் கே ஸ்டேசியும் விக்கி ஸ்டைன்லும் தசம ஒப்பீட்டைப் பற்றிப் பல ஆண்டுகள் செய்த ஆய்வு இந்த இரு சிந்தனைகளையும், இவற்றின் கிளைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இரண்டு மாணவருக்கும் இரண்டுக்கு ஒன்று என்ற ஒரே மதிப்பெண்தான் கிடைக்கும். அவர்களுக்குத் தேவையான உதவியோ நேர் எதிரானது. 'ஐம்பது விழுக்காடு, மீண்டும் முயலுங்கள்' என்று காட்டும் திரை இருவருக்கும் எதையும் கற்றுத் தருவதில்லை.

இதைக் கூகுள் படிவத்திலேயே கட்ட முடியும். தனிச் செயலி தேவையில்லை. படிவத்தின் வினாடி வினா அமைப்பில் சரியான விடைக்கு ஒன்றும் தவறான விடைக்கு ஒன்றுமாக இரண்டே பின்னூட்டங்களைத்தான் எழுதலாம். எந்தத் தவறு என்று அது பார்ப்பதில்லை. படிவத்தைச் சமர்ப்பித்த பிறகே அது கண்ணில் படும். ஆகவே அதை விட்டுவிட்டு, படிவத்தைப் பல பகுதிகளாகப் பிரியுங்கள். தெரிவு வினாவின் மூன்று புள்ளிப் பட்டியலில், விடைக்கேற்ப வெவ்வேறு பகுதிக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. முதல் வினாவில் 0.35ஐத் தொட்டவர் ஒரு விளக்கப் பகுதிக்குப் போகட்டும். 0.4ஐத் தொட்டவரை உடனே பாராட்டி அனுப்பிவிடாமல் 0.3, 0.65 வினாவுக்கு அனுப்புங்கள், அங்கே 0.3ஐத் தொட்டால் வேறொரு விளக்கப் பகுதி. முதல் விளக்கத்தில் நூறு கட்டங்கள் கொண்ட இரண்டு சதுரங்களை வையுங்கள். ஒன்றில் 35 கட்டங்களும் மற்றொன்றில் நான்கு முழு வரிசைகளும் வண்ணமிடப்பட்டிருக்கட்டும். 'எதில் வண்ணம் அதிகம்?' என்று கேளுங்கள், விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிறகு அதே வினாவைத் திரும்பக் கேட்க வேண்டாம். மிஞ்சியிருக்கும் ஒரே தெரிவைத் தொட்டுவிட்டுப் போய்விடுவார்கள். 0.7, 0.52 என்று புதிய இணை ஒன்றைக் கொடுங்கள். சிலர் இங்கே பணத்தை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்துவார்கள்: 40 சென், 35 சென். முதல் சந்திப்புக்கு அது நல்ல உதவிதான். ஆனால் பணம் இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடும்; 0.125 வந்ததும் மாணவர் கைவிடப்பட்டு நிற்பார். சதுரம் அதையும் தாங்கும், ஒரு கட்டத்தைப் பத்தாகப் பிரித்துக் காட்டினால் போதும்.

மொழிப்பாடத்திலும் இப்படியே. பழத்தின் படத்தைக் காட்டிச் சொல்லைத் தெரிவு செய்யச் சொல்கிறோம். 'பழம்', 'பளம்', 'பலம்' மூன்றும் தெரிவில் இருக்கின்றன. 'பளம்' என்று தொட்டவர் காதால் கேட்டதை எழுதுகிறார். ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கும் வீடுகள் பல. அவருக்குத் தேவை ஆசிரியரின் குரலில் ஒரு சிறு ஒலிப்பதிவு, நாக்கு எங்கே மடிகிறது என்று சொல்லும் ஒரு வரி. 'பலம்' என்று தொட்டவருக்கு அது வேறு பொருள் தரும் முழுச் சொல் என்று காட்ட வேண்டும். அங்கே உதவுவது இரண்டு படங்கள். கருத்துணர் வினாக்களில் இன்னொரு சிக்கல் வரும். 'மழை பெய்ததால்' என்பதும் 'மழை பெய்த காரணத்தினால்' என்பதும் சரியே. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரம் ஒன்றைத் தவறு என்று சொல்லிவிடும். சரியாக எழுதிய பிள்ளையைத் தவறு என்று சொல்லும் திரை, ஆசிரியர் அருகில் இல்லாத நேரத்தில் உண்டாக்கும் சேதம் பெரிது. இத்தகைய வினாக்களுக்கு இயந்திரத் திருத்தத்தையே வைக்காதீர்கள். மாணவர் தம் விடையை எழுதி முடித்த பின் அடுத்த பகுதியில் மாதிரி விடையைக் காட்டி, 'உன் விடையில் காரணம் இருக்கிறதா? யார் செய்தார் என்பது இருக்கிறதா?' என்று தாமே ஒப்பிட வையுங்கள். விடையைத் தமிழில் தட்டச்சு செய்ய முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் போன்ற செயலி பிள்ளை பயன்படுத்தும் கைப்பேசியில் இருக்கிறதா என்பதையும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையேல் தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பச் சொல்வதே மேல்.

'இவ்வளவு பாடு எதற்கு, நல்ல காணொளி ஒன்றைப் போட்டால் பிள்ளை பார்த்துப் புரிந்துகொள்ளுமே' என்று கேட்கலாம். பார்க்கும்போது புரிகிறது என்பது உண்மை. அந்தப் புரிதல் தங்குகிறதா என்பதே கேள்வி. ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை நான்கு முறை படித்த மாணவரையும், ஒரு முறை படித்துவிட்டு மூன்று முறை பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவரையும் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது. நினைவுகூர்ந்தவர்கள் 61 விழுக்காட்டைச் சொன்னார்கள். படித்தவர்கள் 40 விழுக்காட்டை. காணொளியை மூன்று முறை பார்த்த பிள்ளை தனக்குத் தெரியும் என்று நம்பும், பெற்றோரும் நம்புவார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்து. காணொளி போடுவதானால் மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் போகாமல் வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும், பார்த்ததைப் பார்க்காமல் சொல்ல வைக்கும் வினா ஒன்று இருக்கட்டும். நேரக் கடிகாரமும் மதிப்பெண் பட்டியலும் ஓடும் விளையாட்டுகள் ஏற்கெனவே தெரிந்ததை வேகப்படுத்த உதவும். புதிதாகக் கற்கும் நேரத்தில் அவை மாணவரை யோசிக்க விடாமல் ஊகிக்கப் பழக்குகின்றன. அங்கே கடிகாரத்தை நிறுத்திவிடுங்கள்.

எதிர்த்திசையிலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: பிள்ளைகளுக்குக் கணினியைக் கொடுத்துவிட்டால் போதும், அவர்களே கற்றுக்கொள்வார்கள், நாம் ஏன் ஒவ்வொரு அடியையும் கட்டித்தர வேண்டும்? இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவது சுகதா மித்ரா 1999இல் டெல்லி கால்காஜியில் சுவரில் துளையிட்டுக் கணினி வைத்த சோதனை. தமிழருக்கு நெருக்கமான ஆதாரமும் அவரிடமே உண்டு. தமிழ் பேசும் களிக்குப்பம் கிராமத்துப் பிள்ளைகள் அத்தகைய கணினியின் துணையோடு மூலக்கூற்று உயிரியலின் அடிப்படைகளைத் தாமே கற்றார்கள் என்று மித்ராவும் ரித்து டங்வாலும் 2010இல் எழுதினார்கள். அந்த ஆய்வைக் கவனித்துப் படித்தால் இரண்டு கட்டங்கள் தெரியும். கணினி மட்டும் இருந்த கட்டத்தில் அவர்கள் அருகிலிருந்த சராசரி அரசுப் பள்ளி மாணவருக்கு இணையாக வந்தார்கள். உயிரியல் அறியாத பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து ஊக்கம் கொடுத்த பிறகே டெல்லியின் சிறந்த தனியார் பள்ளி மாணவரை எட்டினார்கள். பிள்ளைகளின் ஆர்வம் எவ்வளவு தூரம் போகும் என்பதை முதல் கட்டம் காட்டுகிறது. அது எங்கே நின்றுவிடும் என்பதை இரண்டாம் கட்டம் காட்டுகிறது. வழிகாட்டல் மிகக் குறைந்த கற்பித்தல் புதியவருக்கு உதவாது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் விரிவாக வாதிட்டார்கள். தீர்த்துக் காட்டிய கணக்குகளைப் படித்தவர்கள், தாமே முட்டிமோதியவர்களைவிட விரைவாகவும் பிழை குறைவாகவும் அடுத்த கணக்கைப் போட்டார்கள் என்று ஸ்வெல்லரும் கூப்பரும் 1985லேயே காட்டியிருந்தார்கள். எனவே முதலில் முழுதாகத் தீர்த்த கணக்கு. அடுத்ததில் கடைசிப் படி மட்டும் காலி. அதற்கடுத்ததில் இரண்டு படிகள் காலி. இப்படித் துணையைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொண்டு போவதே தனித்துப் பயில்வதற்கான பாதை.

களிக்குப்பத்துப் பெரியவர் நமக்கு இன்னொரு வகையில் வேண்டியவர். டெங்கிலிலும் சுற்றுவட்டாரத்திலும் பல வீடுகளில் அம்மாவும் அப்பாவும் ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். வீட்டில் பாட்டியோ அக்காவோ இருப்பார்கள். தமிழ் வழி அறிவியல் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், மலாய்ப் பள்ளியில் படித்த பெற்றோருக்குத் தமிழ் எழுத்தே தடுமாறலாம். அவர்களிடம் பாடம் சொல்லித் தரச் சொல்வது நியாயமல்ல. செயல்பாட்டின் முடிவில், 'பாட்டியிடம் இதைக் காட்டி, எப்படிக் கண்டுபிடித்தாய் என்று சொல்' என்ற ஒரு வரியைச் சேருங்கள். பெரியவருக்கு ஒரு குரல் செய்தியும் அனுப்புங்கள்: 'சரியா தவறா என்று பார்க்க வேண்டாம்மா, எப்படிச் செய்தாய் என்று மட்டும் கேளுங்கள்.' விளக்கிச் சொல்லும்போது பிள்ளை தன் குழப்பத்தைத் தானே கண்டுகொள்வது அடிக்கடி நடக்கும்.

தன் பாதையைத் தானே அறிந்து நடக்கும் வகுப்பறைக்குத் தமிழில் நல்ல முன்மாதிரி இருக்கிறது; அது மின்சாரம்கூட இல்லாமல் நடந்தது. ரிஷி வேலி கல்வி மையத்தில் பத்மநாப ராவும் ராமாவும் உருவாக்கிய அட்டை முறையை அடியொற்றி, எம்.பி. விஜயகுமார் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007-08இல் அது தமிழ்நாடு முழுதும் பரவியது. பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு சின்னம். சுவரில் தொங்கும் ஏணிப்படியைப் பார்த்துக் குழந்தை தான் எந்தப் படியில் நிற்கிறது, அடுத்த அட்டை எது என்று கண்டுகொள்ளும். ஆசிரியரோடு உட்கார வேண்டுமா, சக மாணவரோடா, தனியாகவா என்பதும் அதே அமைப்பில் வகுக்கப்பட்டிருந்தது. இயங்கலைக்கு நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நீண்ட அறிவுறுத்தலைப் படிக்காமலேயே, என்ன செய்வது, யாரோடு செய்வது, முடித்ததும் எங்கே போவது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். கேட்டல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம் வைத்து ஆண்டு முழுதும் அதையே பயன்படுத்துங்கள். கூகுள் வகுப்பறையில் ஒவ்வொரு வாரமும் புதிய அலங்காரம் வேண்டாம்.

அட்டை முறை தரும் மற்றொரு பாடம் வசதி குறைந்த வீட்டைப் பற்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் வந்த கல்வியமைச்சின் வீட்டிலிருந்து கற்றல் கையேடு, இயங்கலை மட்டுமின்றி இணையம் இல்லாத வழிகளையும் ஏற்றுக்கொண்டது. கிளைகள் உள்ள படிவத்தைத் தாளிலும் தரலாம்: '0.35 என்று எழுதியிருந்தால் பக்கம் 3க்குப் போ, 0.4 என்றால் பக்கம் 5க்குப் போ.' ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் இதுவே சிறந்த வடிவம். கைப்பேசியில் செய்பவருக்கு ஒரு திரைக்கு ஒரு வினா போதும். படங்களைச் சிறிதாக்குங்கள், அப்பாவின் டேட்டா தீர்ந்துபோவதும் கற்றல் தடைதான்.

பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், அம்மாவே செய்து கொடுத்துவிடுவார் என்ற கவலை ஆசிரியரிடம் எப்போதும் உண்டு. மதிப்பெண் போடும்வரை அது நடக்கத்தான் செய்யும். தனியே பயிலும் செயல்பாட்டை வகுப்புசார் மதிப்பீட்டின் அடைவுநிலையோடு சேர்க்காதீர்கள். எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யலாம் என்று திறந்து வையுங்கள். மதிப்பீடு வகுப்பில் நடக்கட்டும். செய்யாமலே தள்ளிப்போடுவார்கள் என்பது இதைவிட நியாயமான கவலை. பிரெட் கெல்லர் 1968இல் விவரித்த, மாணவர் தம் வேகத்திலேயே செல்லும் பாடமுறையிலும் அதுவே பெரிய குறையாக இருந்தது, அதுவும் வளர்ந்த கல்லூரி மாணவரிடம். பத்து வயதுப் பிள்ளைக்கு வேகம் சொந்தமாக இருக்கலாம். நாள் வரையறையை ஆசிரியர்தான் வைக்க வேண்டும். ஒரு செயல்பாடு பதினைந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மறுநாள் வகுப்பில் அதிலிருந்து ஒரு வினாவாவது எழ வேண்டும். வீட்டில் செய்தது வகுப்பில் பயன்படுகிறது என்று கண்ட பிள்ளை அடுத்ததையும் செய்யும்.

நேரம் இல்லை என்ற மறுப்புக்கு நான் மதிப்புக் கொடுக்கிறேன். ஆசிரியரின் வாரம் நிரம்பியே இருக்கிறது. அதனால்தான் எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. பிள்ளைகள் ஆண்டுதோறும் இடறும் இடங்கள் எல்லா வகுப்பிலும் ஏறக்குறைய அவையே: தசமம், பின்ன ஒப்பீடு, பூச்சியத்தைக் கடந்து கடன் வாங்கும் கழித்தல், லகர ளகர ழகரம், வலி மிகும் இடம். மற்றவற்றுக்குச் சாதாரணப் பயிற்றியே போதும். மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒரு பள்ளி ஓர் இடறலை மட்டும் எடுத்து, கிளைகளோடு கட்டி, நகலெடுக்கும் உரிமையோடு மற்றவருக்குக் கொடுத்தால், விவேகப் பள்ளித் திட்டம் தமிழுக்குத் தராமல் விட்டதை ஆசிரியர்களே இரண்டு மூன்று ஆண்டுகளில் உருவாக்கிவிடலாம்.

வெளியிடுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை செய்யுங்கள். நடுத்தரமாகப் படிக்கும் மாணவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள், வாய் திறக்காமல். அவர் நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும் ஒவ்வோர் இடமும் செயல்பாட்டில் விடுபட்டுப்போன இடம், குறித்துக்கொண்டு திருத்துங்கள். தொடங்குவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை பயிற்றியைத் திருத்தும்போது, சிவப்பு மையில் கோடிட்டுவிட்டுக் கடந்துபோகும் விடைகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று பேர் ஒரே தவறான விடையை எழுதியிருந்தால் அதன் பின்னால் ஒரு சிந்தனை இருக்கிறது. முதல் கிளையை அதற்குக் கட்டுங்கள், கட்டியதைப் பக்கத்துப் பள்ளி ஆசிரியருக்கும் அனுப்பிவிடுங்கள்.